கொடை வீடியோவைக் கேமரா கார்டுக்கு ஏற்ற: ஹேண்ட்பிரேக், டிஎஸ்மக்ஸர் ஜோடி எப்படி?

யூடியூபில் கிடக்கும் பழைய கோயில் கொடை விழா, துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த கல்யாண வாழ்த்து, பத்துப் பதினைந்து வருசத்துக்கு முன் எவரோ எஃப்எல்வியாக (பழைய ஃபிளாஷ் வீடியோ ஃபைலாக) இறக்கி வைத்த வில்லுப்பாட்டு. இவற்றைக் கேம்கார்டர் ஃபைலாக, அதாவது ஏவிசிஎச்டியாக மாற்றித் தரச் சொல்லிப் பாளையங்கோட்டை, தென்காசி, சங்கரன்கோவில் வட்டாரத்து ஸ்டூடியோக்களுக்கு ஆட்கள் வருவது இன்னும் நிற்கவில்லை. வீட்டில் புளூ-ரே பிளேயர் இருக்கும், கார்டு போட்டால் ஓடும் டிவி இருக்கும், பழைய சோனி ஹேண்டிகேம் இருக்கும். அல்லது ஸ்டூடியோவே '50ஐ' (விநாடிக்கு 50 அரைப்படம், அதாவது ஃபீல்டு, பதியும் இன்டர்லேஸ்டு முறை) கேமராவில் எடுத்த ஆறு மணி நேர டைம்லைனுக்கு நடுவே நாலு நிமிச வலை வீடியோவைச் செருக வேண்டியிருக்கும்.

இதற்கென்று காசுக்கு விற்கும் கன்வெர்ட்டர்கள் ஏராளம். 'எச்டி கேம்கார்டர்' என்று ஒரு பட்டன், அமுக்கினால் போதும் என்பார்கள். அதை விட்டுவிட்டு ஹேண்ட்பிரேக், டிஎஸ்மக்ஸர் என்ற இரண்டு இலவச மென்பொருள்களையும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மீடியாஇன்ஃபோவையும் வைத்துக்கொண்டால் வேலை சுத்தமாக முடியும். ஆனால் இந்த ஜோடியை அதன் இயல்பான செட்டிங்கில் ஓடவிட்டால் தவறான ஃபைல்தான் வரும். எங்கெங்கே கைவைக்க வேண்டும் என்பதுதான் இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி.

முதலில் இது தேவையா என்பதைப் பார்த்துவிடலாம். கல்யாண மண்டபத்து எல்இடி வாலில் ஓட்ட மட்டும்தான் என்றால் வேண்டாம்; லேப்டாப்பிலிருந்து எம்பி4 அப்படியே ஓடும். எடியஸிலோ பிரீமியரிலோ எடிட் செய்யப் போகிறீர்கள் என்றாலும் ஏவிசிஎச்டி சிறந்த வழியல்ல. கேனோபஸ் எச்கியூ, டிஎன்எக்ஸ்எச்டி, புரோரெஸ் மாதிரி எடிட்டிங் கோடெக்குக்கு மாற்றினால் டைம்லைன் இழுபடாது, தரமும் குறையாது. ஷட்டர் என்கோடர் என்ற இலவச மென்பொருள் அதற்கு நன்றாக உதவும். கார்டுக்கோ, புளூ-ரே பிளேயருக்கோ, 'எம்டிஎஸ் (ஏவிசிஎச்டி ஃபைலின் வால்) தான் வேண்டும்' என்று நிற்கும் கருவிக்கோ போகும்போதுதான் ஏவிசிஎச்டி.

ஏவிசிஎச்டி கேட்பது என்ன

சோனியும் பானாசோனிக்கும் 2006ல் கொண்டுவந்த வடிவம் இது. வீடியோ எச்.264; ஆடியோ டால்பி டிஜிட்டல், அதாவது ஏசி-3, அல்லது அழுத்தாத எல்பிசிஎம்; இரண்டையும் கட்டும் உறை எம்பெக்-2 டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம். சாதாரண டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமில் ஒரு பாக்கெட் 188 பைட். இதில் முன்னால் 4 பைட் நேரக்குறி சேர்ந்து 192. அதனால்தான் டிஎஸ் என்ற ஃபைலுக்கு எம்டிஎஸ் என்று பெயரை மட்டும் மாற்றி வைத்தால் சில பிளேயர்கள் ஓட்டும், சில முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

பிட்ரேட் ஆடியோவையும் சேர்த்து 24 எம்பிபிஎஸ்ஸை (விநாடிக்கு மெகாபிட்) தாண்டக்கூடாது. டிவிடி வட்டில் எழுதினால் 18. படத்தின் அளவும் ஃப்ரேம் கணக்கும் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது: 1080 என்றால் 50ஐ, 60ஐ, 24பி ('பி' என்றால் புரொகிரசிவ், முழு ஃப்ரேம்), 720 என்றால் 50பி, 60பி, 24பி. 2011ல் வந்த இரண்டாம் பதிப்பில் 1080க்கு 50பி, 60பியும் 28 எம்பிபிஎஸ்ஸும் சேர்ந்தன. அதற்கு முந்தைய கருவிகளில் அவை ஓடாது.

இந்தப் பட்டியலில் 30பி இல்லை, 25பிக்கு நேரடி இடமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வலையில் இருப்பதோ பெரும்பாலும் 30பியும் 25பியும்தான். கன்வெர்ட்டர்கள் சறுக்குவது இங்கேதான். எல்லாரும் 720ஆ 1080ஆ என்று ரெசல்யூஷனைப் பிடித்துத் தொங்குகிறார்கள். படத்தைக் கெடுப்பது ஃப்ரேம் கணக்கு.

உள்ளே பார்ப்பது

ஃபைலை மீடியாஇன்ஃபோவில் திறந்து, பார்வையை 'ட்ரீ' அல்லது 'டெக்ஸ்ட்' ஆக வையுங்கள். ஃபைலின் வால் எம்பி4ஆ எம்கேவியா என்பதை மறந்துவிடுங்கள். ஃபார்மேட் என்ற வரியில் ஏவிசி என்றிருந்தால் எச்.264. விபி9, ஏவி1 என்றிருந்தால் மறுபேச்சில்லாமல் மறு என்கோட்தான், அதாவது படத்தையே புதிதாக அழுத்தி எழுதுவது. டிஎஸ்மக்ஸருக்கு அவை தெரியாது. பழைய எஃப்எல்வியில் சோரென்சன் ஸ்பார்க், விபி6 இருக்கும், அதற்கும் அதே கதி. ஆனால் எஃப்எல்வி என்றாலே பழசு என்று தள்ள வேண்டாம், பிற்காலத்து எஃப்எல்விக்குள் எச்.264 இருப்பதுண்டு.

அடுத்து 'ஃப்ரேம் ரேட் மோடு'. 'வேரியபிள்' என்று இருந்தால் அது பெரும்பாலும் போனில் எடுத்தது. ஒரு விநாடி 30, அடுத்த விநாடி 27, இருட்டில் இன்னும் கீழே என்று வெளிச்சத்துக்கும் போனின் சூட்டுக்கும் தக்கபடி ஏறி இறங்கும். இதை அப்படியே உறை மாற்றினால் முதல் நிமிசத்தில் உதடும் பேச்சும் சேர்ந்து போகும், இருபதாம் நிமிசத்தில் சாமியாடி வாய் மூடிய பிறகு குரல் வரும். ஆடியோவை இத்தனை மில்லி விநாடி தள்ளி வைத்துச் சரிசெய்யப் பார்ப்பது வீண்வேலை, ஏனென்றால் விலகல் ஒரே அளவில் இருக்காது, கூடிக்கொண்டே போகும். கான்ஸ்டன்ட் ஆக்கி மறு என்கோட் செய்வதே மருந்து.

மூன்றாவது, 'ரெஃபரன்ஸ் ஃப்ரேம்ஸ்' என்ற வரி, அதாவது ஒரு ஃப்ரேமை வரையப் பிளேயர் நினைவில் வைக்க வேண்டிய மற்ற ஃப்ரேம்களின் எண்ணிக்கை. எச்.264க்கு வரம்பு வகுக்கும் 'லெவல்' கணக்கில் 4.0, 4.1 என்றால் 1080 படத்துக்கு 4, 720க்கு 9 வரைதான் இடம். 1080ல் 8, 16 என்று காட்டினால் கம்ப்யூட்டரில் அழகாக ஓடும், பிளேயரில் கட்டம் கட்டமாக உடையும்.

ஃபைல் எச்.264ஆக, நிறப்பதிவு 8 பிட், 4:2:0 ஆக, லெவல் 4.1க்கு உட்பட்டதாக, ஃப்ரேம் கணக்கும் பட்டியலில் உள்ளதாக அமைந்துவிட்டால் வீடியோவைத் தொடவே வேண்டாம். ஆடியோவை மட்டும் ஏசி-3 ஆக்கி, உறையை மாற்றினால் முடிந்தது. ஒரு மணி நேர வீடியோவும் சில நிமிசத்தில் தயார், தரம் மயிரிழையும் குறையாது. எம்பி4க்குள் எச்.264 ஒவ்வொரு துண்டின் நீளத்தையும் முன்னால் எழுதிக்கொண்டு வரும். டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமிலோ தொடக்கக்குறி வைத்து வரவேண்டும். இந்த மாற்றத்தை டிஎஸ்மக்ஸர் தானே செய்துகொள்ளும். சில ஃபைல்களில் உள்ளடக்கம் 4.1க்குள் அடங்கியிருந்தும் தலைப்பில் 5.1 என்று எழுதியிருக்கும். டிஎஸ்மக்ஸரில் லெவலை மாற்றும் வசதி இருப்பது இதற்குத்தான். அது தலைப்பில் உள்ள எண்ணை மாற்றுமே தவிர படத்தை மாற்றாது; நிஜமாகவே வரம்பு மீறிய ஃபைலுக்கு அதைப் போட்டால் பொய்ச் சான்றிதழ் கொடுத்த கணக்குதான்.

ஹேண்ட்பிரேக்: நல்ல என்ஜின், தவறான இயல்புகள்

ஹேண்ட்பிரேக் எம்டிஎஸ் ஃபைலைத் தராது. எம்பி4, எம்கேவி, வெப்எம் மட்டுமே. அதனால் இங்கே அதன் வேலை பாதிதான்: சரியான எச்.264ஐயும் ஏசி-3ஐயும் எம்கேவிக்குள் போட்டுத் தருவது. அந்தப் பாதி வேலைக்கு அதைவிட நல்ல இலவச மென்பொருள் இல்லை, ஏனென்றால் அதனுள்ளே இருப்பது எக்ஸ்264 என்ற எச்.264 என்கோடர்.

திறந்தவுடன் கண்ணுக்குப் படும் பிரீசெட் 'ஃபாஸ்ட் 1080பி30'. 'பீக் ஃப்ரேம் ரேட் 30' என்பது அதன் இயல்பு, அதாவது வேரியபிளை வேரியபிளாகவே விடும். அதை 'கான்ஸ்டன்ட்' என்று மாற்றுவது முதல் வேலை.

இரண்டாவது, டைமென்ஷன்ஸ் பக்கத்தில் 'கிராப்பிங்'. இயல்பாக ஆட்டோமேட்டிக் என்று இருக்கும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை உள்ள வீடியோவில் பட்டையை வெட்டிவிட்டு 1920க்கு 816 என்று ஒரு படத்தைத் தரும். அப்படி ஓர் அளவு ஏவிசிஎச்டியில் கிடையாது. சாமக்கொடையில் லைட்டை அணைத்து எடுத்த காட்சியாக இருந்தால் இருட்டையே பட்டை என்று நினைத்து வெட்டவும் கூடும். 'நன்' என்று வையுங்கள்.

பழைய 4:3 வீடியோவுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. 640க்கு 480 படத்தைப் பெரிதாக்கினால் கணக்குப்படி 1440க்கு 1080 வரும். ஏவிசிஎச்டி பட்டியலிலும் 1440க்கு 1080 இருக்கிறது. ஆகா, பொருந்திவிட்டது என்று தோன்றும். ஆனால் அந்த 1440 என்பது 16:9 படத்தைப் பக்கவாட்டில் நெருக்கி வைத்தது. பிளேயர் அதை விரித்துக் காட்டும். விளைவு, வில்லடிக்கும் புலவர் தவில்காரர் மாதிரி அகலமாகத் தெரிவார். 4:3 படத்துக்கு 'பார்டர்ஸ்' பகுதியில் 'ஃபில்' வைத்து, இரண்டு பக்கமும் கறுப்பு அடித்து, 1920 அல்லது 1280 அகலத்துக்குக் கொண்டுவர வேண்டும். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோவுக்கும் இதே வழி. 1080 உயரத்தில் நடுவே 608 அகலம்தான் படம் நிற்கும். பக்கத்தில் அதே படத்தை மங்கலாக்கி நிரப்புவது ஹேண்ட்பிரேக்கில் வராது, எடிட்டிங்கில்தான் செய்ய வேண்டும்.

வீடியோ பக்கத்தில் எக்ஸ்264, புரொஃபைல் ஹை, லெவல் 4.0 அல்லது 4.1. தரத்துக்கு ஆர்எஃப் 18 முதல் 20 போதும். அதோடு நிறுத்தினால் போதாது. லெவல் 4.0 ஹை புரொஃபைலுக்கு 25 எம்பிபிஎஸ் வரை அனுமதி உண்டு, ஏவிசிஎச்டியோ மொத்தமே 24. சீரியல் செட் லைட் மினுங்கும் காட்சியிலும், வெடி போடும் காட்சியிலும் பிட்ரேட் அந்த எல்லைக்கு ஓடும், பிளேயர் அங்கே திக்கும். ஆகவே கூடுதல் ஆப்ஷன் பெட்டியில் பிட்ரேட்டுக்கு உச்ச வரம்பு போடும் விபிவி மேக்ஸ்ரேட், விபிவி பஃப்சைஸ் இரண்டையும் 20000 என்று கட்டிப்போடுங்கள். டிவிடி வட்டுக்கு என்றால் 16000. அதே பெட்டியில் புளூரே-காம்பேட் 1, ஸ்லைசஸ் 4, கீஇன்ட் என்பதற்கு ஒரு விநாடியின் ஃப்ரேம் எண்ணிக்கை, அதாவது 25 அல்லது 50. வலை வீடியோவில் கீஃப்ரேம் (பிற ஃப்ரேமைச் சாராமல் தனியாக நிற்கும் முழுப்படம்) ஐந்து பத்து விநாடிக்கு ஒன்று இருக்கும்; கார்டு பிளேயரில் ஓட்டித் தள்ளினால் படம் உறைந்து நிற்பதற்குக் காரணம் அதுதான்.

ஆடியோ பக்கத்தில் இயல்பு ஏஏசி. அதை ஏசி-3, 256 கேபிபிஎஸ், ஸ்டீரியோ, 48 கிலோஹெர்ட்ஸ் என்று மாற்றுங்கள். "அண்ணாச்சி, படம் வருது, சத்தம் வரல்லியே" என்று திரும்பி வரும் கார்டுகளில் பெரும்பாலானவற்றின் கதை இது: டிஎஸ்மக்ஸர் ஏஏசியையும் மறுப்பு சொல்லாமல் உறைக்குள் ஏற்றிவிடும், கம்ப்யூட்டரில் விஎல்சியும் ஓட்டிக் காட்டிவிடும், பிளேயர் மட்டும் ஊமையாக நிற்கும். 44.1 கிலோஹெர்ட்ஸை 48 ஆக்க மறந்தாலும் இதேதான். உடுக்கையும் குடமும் சேர்ந்து அடிக்கும் இடங்களில் 128 கேபிபிஎஸ் ஏசி-3 மணலைக் கொட்டினாற்போல் கேட்கும், 256க்குக் கீழே இறங்க வேண்டாம். மூலத்திலேயே மைக் பிளந்து பதிவாகியிருந்தால் எந்த பிட்ரேட்டும் அதைத் திருப்பித் தராது.

30 என்ற தொல்லை

இனி ஃப்ரேம் கணக்கு. நம் கேமராக்கள் 50ஐ, நம் கரண்டும் 50 ஹெர்ட்ஸ். போனும் வலையும் 30. ஆறு ஃப்ரேமை ஐந்தாக்க வேண்டும். ஹேண்ட்பிரேக்கில் 25 கான்ஸ்டன்ட் என்று வைத்தால் ஆறில் ஒன்றைத் தூக்கி எறியும். நின்று பேசுபவரின் முகத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. வில்லுப்பாட்டில் வீசுகோலைப் பாருங்கள்: கை உயர்கிறது, கோல் இறங்குகிறது, நாணில் படுகிறது. படும் அந்த ஒரு ஃப்ரேம் எறியப்பட்ட ஆறாவதாக அமைந்தால் கோல் காற்றில் நிற்க, மணி மட்டும் குலுங்கும். விநாடிக்கு ஐந்து தடவை இந்த வெட்டு விழுவதால் கேமராவைத் திருப்பும் இடமெல்லாம் தட்டித் தட்டிப் போகும். இரண்டு ஃப்ரேமைக் கலந்து ஒன்றாக்கும் பிளெண்டிங் முறையில் கோல் இரண்டாகத் தெரியும். நடு ஃப்ரேமைக் கற்பனை செய்து வரையும் மோஷன் இன்டர்போலேஷன் தேர் நகரும் காட்சியில் அருமையாக வரும், வீசுகோல் மாதிரி சடாரென்று அசையும் பொருளில் கோலையே வளைத்துவிடும்.

இதைவிடச் சுலபமான வழி 25க்குப் போகாமல் 50க்குப் போவது. 30 ஃப்ரேமை 50 இடத்தில் நிரப்பினால் மூன்று ஃப்ரேமுக்கு ஐந்து இடம்: இரண்டு தடவை, இரண்டு தடவை, ஒரு தடவை. ஒரு ஃப்ரேமும் தொலையாது. நேரம் கொஞ்சம் ஏற்ற இறக்கமாக இருக்கும், அது கண்ணுக்கு அவ்வளவாக உறுத்தாது. ஹேண்ட்பிரேக்கில் 720, 50, கான்ஸ்டன்ட் என்று வைத்தால் இது தானே நடக்கும். திரும்ப வரும் ஃப்ரேமுக்கு எக்ஸ்264 பிட்டை வீணடிக்காது என்பதால் ஃபைலும் இரண்டு மடங்காகாது. 720/50பி நம் ஊர் ஏவிசிஎச்டி பிளேயர்களில் பெரும்பாலும் ஓடும் என்பது கூடுதல் வசதி. 1080ல் வந்த 30பி வீடியோவையும் பழைய பிளேயருக்குத் தருவதானால் இப்படி 720/50பியாக இறக்குவதே மேல். வலைக்கென்று நெருக்கி அழுத்திய 1080ல் 720ஐத் தாண்டிய நுணுக்கம் அபூர்வம். பிளேயர் 2011க்குப் பிந்தைய இரண்டாம் பதிப்பை ஏற்குமானால் 1080/50பி, லெவல் 4.2.

25பி வீடியோவுக்கு வேலை குறைவு. 720 என்றால் மேலே சொன்னபடி 50. ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு தடவை, ஒரு குறையும் இல்லை. 1080 என்றால் 25 கான்ஸ்டன்ட் வைத்து, கூடுதல் பெட்டியில் ஃபேக்-இன்டர்லேஸ்டு 1 என்று சேருங்கள். படத்தை ஃபீல்டாக உடைக்காமல், '50ஐ' என்ற முத்திரையை மட்டும் குத்தி அனுப்பும் ஆப்ஷன் அது. முத்திரை இல்லாத 1080/25பியைப் பல பிளேயர்கள் ஏற்காது.

24பியாக உள்ள வீடியோவை மாற்றவே வேண்டாம், பட்டியலில் அதற்கு இடம் இருக்கிறது. 50ஐ டைம்லைனுக்குள்தான் போகிறது என்றால் நாலு சதவீதம் வேகமாக்கி 25 ஆக்குவது வழக்கம். பாட்டின் சுருதியும் அதே அளவு ஏறும் என்பதால் பிட்ச் திருத்தத்தை மறக்கக்கூடாது.

நிஜமான 50ஐ வேண்டும், அதாவது 50பி மூலத்திலிருந்து ஃபீல்டு பிரித்த படம் வேண்டும் என்றால் ஹேண்ட்பிரேக் உதவாது. எடியஸ் டைம்லைன் வழியாகவோ, எஃப்எஃப்எம்பெக்கின் இன்டர்லேஸ் ஃபில்டர் வழியாகவோ போக வேண்டும். இரண்டிலும் மேல் ஃபீல்டு முதலில் என்று வையுங்கள். பழைய டிஜிட்டல் வீடியோ டேப் காலத்துப் பழக்கத்தில் கீழ் ஃபீல்டை முதலில் வைத்தால் அசைவு எல்லாம் முன்னும் பின்னும் நடுங்கும்.

எந்த மென்பொருளாலும் தீராத ஒன்றையும் சொல்ல வேண்டும். டேப் கேமராவில் 50ஐயாக எடுத்த நெல்லையப்பர் ஆனித் தேரோட்ட வீடியோக்கள் பலவற்றை டிஇன்டர்லேஸ் செய்யாமலே (ஃபீல்டுகளை முழு ஃப்ரேமாக்காமலே) 360 வரிக்குச் சுருக்கி வலையில் ஏற்றியிருக்கிறார்கள். வடத்தைப் பிடித்து ஓடும் கூட்டத்தில் சீப்புப்பல் கோடு நசுங்கி, நிழல் நிழலாகப் படிந்திருக்கும். அளவு மாறாத படமாக இருந்தால் டிஇன்டர்லேஸ் ஃபில்டர் கோட்டைப் பிரிக்கும். சுருக்கிய பிறகு எது எந்த ஃபீல்டின் வரி என்ற கணக்கே போய்விட்டது. 'டிகோம்ப்' பட்டனை அமுக்கினால் இன்னும் மங்கும், அவ்வளவுதான்.

360ஐ 1080க்கு ஏற்றிக் கேட்பவர்களுக்கு: ஏறும், தெளிவு ஏறாது. 720/50பியில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கின் டிபிளாக் ஃபில்டரை மெல்லிசாகப் போட்டால் இரவுக் காட்சியின் கட்டம் கொஞ்சம் அடங்கும். ஷார்பன் போட வேண்டாம், கட்டத்தின் விளிம்பைத்தான் அது கூர்மையாக்கும். பழைய எஃப்எல்வியைப் பெரிதாக்கும்போது முகத்தின் நிறம் லேசாகச் சிவந்தோ பச்சையோடியோ வந்தால், பழைய எஸ்டி நிறக்கணக்கான 601ஐ எச்டி கணக்கான 709 என்று பிளேயர் வாசிக்கிறது என்று பொருள்.

டிஎஸ்மக்ஸர்: சின்ன மென்பொருள், பெரிய உதவி

டிஎஸ்மக்ஸர் என்கோட் செய்யாது, கட்டும் பிரிக்கும். எம்கேவியை உள்ளே இழுத்துப் போட்டால் வீடியோ, ஆடியோ டிராக்குகளைக் காட்டும். அவுட்புட்டில் 'எம்2டிஎஸ்' என்று தேர்ந்தால் ஒற்றை ஃபைல். யுஎஸ்பியில் டிவிக்குப் போட இது போதும். பிளேயருக்கோ கார்டுக்கோ முழு அமைப்பும் வேண்டும் என்றால் 'ஏவிசிஎச்டி' ஃபோல்டர். ஃபைல் பெயரைத் தமிழில் வைக்காமல், இடைவெளி இல்லாத ஆங்கிலப் பெயராக வைத்துக்கொள்வது வம்பில்லாத வழி.

'ஸ்பிளிட் அண்ட் கட்' பக்கத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 32 ஜிபி வரையிலான எஸ்டிஎச்சி கார்டுகள் ஃபேட்32. ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 24 எம்பிபிஎஸ்ஸில் 4 ஜிபி என்பது சுமார் 23 நிமிசம், 17ல் 33 நிமிசம். ராத்திரி முழுக்க ஓடும் கொடையில் ஆறு மணி நேரத்தை 17 எம்பிபிஎஸ்ஸில் வைத்தால் 46 ஜிபி வரும். கார்டு வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். துண்டு ஒவ்வொன்றும் 2 ஜிபியாக இருந்தால் எல்லாப் பிளேயருக்கும் பொருந்தும்.

ஃபோல்டர் தயாரானதும் பலர் அப்படியே கார்டில் போட்டுவிட்டு, 'ஃபைல் இல்லை' என்று பிளேயர் சொல்வதைப் பார்த்து விழிப்பார்கள். டிஎஸ்மக்ஸர் வட்டுக்குரிய நீளப் பெயர்களைத் தருகிறது. கார்டில் கேமரா வைப்பதோ எட்டு எழுத்துப் பெயர், மூன்றெழுத்து வால். ஆகவே கார்டில் 'பிரைவேட்', அதற்குள் 'ஏவிசிஎச்டி', அதற்குள் 'பிடிஎம்வி' என்று ஃபோல்டர் வைத்து, உள்ளே உள்ளவற்றின் பெயரை மாற்ற வேண்டும். பிடிஎம்வி என்ற வால் பிடிஎம் ஆகும், எம்பிஎல்எஸ் எம்பிஎல் ஆகும், சிஎல்பிஐ சிபிஐ ஆகும், எம்2டிஎஸ் எம்டிஎஸ் ஆகும். 'மூவிஆப்ஜெக்ட்' என்ற பெயரை ஆங்கிலத்தில் முதல் எட்டு எழுத்தோடு நறுக்குங்கள். எல்லாம் பெரிய எழுத்தில். ஒரு எழுத்து தவறினாலும் கார்டு காலியாகத்தான் தெரியும்.

இவ்வளவும் செய்து கேமராவுக்குள்ளேயே போட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கேமரா தன் படங்களுக்குத் தனிக் கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறது. சோனியில் அதற்கென்று தனி ஃபோல்டரும், அதைப் பழுதுபார்க்க மெனுவில் ஒரு வசதியும் உண்டு. பழுதுபார்த்த பிறகும் தான் எடுக்காத படத்தைக் கேமரா ஏற்காமல் போகலாம், ஏற்றால் அதிர்ஷ்டம். மாப்பிள்ளை அழைப்பு இருக்கும் கார்டில் இந்தப் பரீட்சையை வைக்காதீர்கள், வேறு கார்டை அந்தக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்து பாருங்கள்.

டிவிடியில் எழுதித் தரச் சொன்னால், சாதாரண டிவிடி பிளேயரில் அது ஓடாது, புளூ-ரே பிளேயர் வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். 4.7 ஜிபி வட்டில் 17 எம்பிபிஎஸ்ஸில் 36 நிமிசம்தான் கொள்ளும்.

மூலம் எங்கிருந்து எடுப்பது

மாற்றும் திறமையைவிட மூலத்தின் தரம் பெரிது. கோயில் கமிட்டியின் சொந்த யூடியூப் சேனலில் உள்ள வீடியோ என்றால், கண்ட இடத்தில் இறக்க வேண்டாம். யூடியூப் ஸ்டூடியோவில் நுழைந்து சொந்த வீடியோவை எம்பி4ஆக இறக்கலாம், 720 வரை கிடைக்கும். கூகுள் டேக்அவுட் வழியாகக் கேட்டால் அதைவிட நல்ல பிரதி வர வாய்ப்பு உண்டு. வெளிநாட்டு வாழ்த்து வீடியோவை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்'டாக அனுப்பச் சொல்லுங்கள், அழுத்தாமல் வரும். அடுத்தவர் ஏற்றிய வில்லுப்பாட்டுக்கு அந்தக் குழுவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது முறை. கல்லிடைக்குறிச்சியிலோ வள்ளியூரிலோ அவர்கள் ஒரு போன் தூரத்தில்தான் இருப்பார்கள், பல நேரம் மூல டேப்பே அவர்கள் வீட்டில் இருக்கும்.

ஜோடியின் குறை என்றால், இரண்டு மென்பொருள், மூன்று ஃபோல்டர், ஒரு பெயர் மாற்றம் என்று கைவேலை அதிகம். ஹேண்ட்பிரேக் செட்டிங்கை '720-50', '1080-25' என்று இரண்டு பிரீசெட்டாகச் சேமித்துவிட்டால் பாதி வேலை குறையும். முப்பது ஃபைலை வரிசையில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். இன்டெல் குயிக்சிங்க், என்விடியா என்வென்க் என்ற ஹார்டுவேர் என்கோடர்களும் அதில் உண்டு, வேகம் பல மடங்கு. ஆனால் எக்ஸ்264க்கு மட்டுமே உரிய புளூரே-காம்பேட், ஃபேக்-இன்டர்லேஸ்டு ஆப்ஷன்கள் அவற்றில் செல்லாது. இந்த வேலைக்கு எக்ஸ்264ஐ விட்டு நகர வேண்டாம்.

இத்தனைக்கும் பொறுமை இல்லை, காசு கொடுத்தே வாங்குகிறேன் என்றால் வாங்கும் முன் டிரையல் பதிப்பில் ஒரு நிமிச வீடியோவை மாற்றி, வந்த ஃபைலை மீடியாஇன்ஃபோவில் திறங்கள். ஆடியோ ஏசி-3ஆ, 48 கிலோஹெர்ட்ஸா, ஓவரால் பிட்ரேட் 24க்குள்ளா, அளவு 1920க்கு 1080 அல்லது 1280க்கு 720ஆ, ஃப்ரேம் ரேட் என்ன. அந்தக் கடைசி வரியில் 29.97 என்றும், அதற்குக் கீழே 'புரொகிரசிவ்' என்றும் இருந்தால் பர்ஸை உள்ளே வைத்துவிடுங்கள்.